பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு கணினி மெதுவாகிவிட்டதா? பிராசஸரை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். மூன்று மேசைக் கணினிகள், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், இரண்டு உதவியாளர்கள், இவ்வளவுதான் அலுவலகம். ஒரு மாதம் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) தாக்கலுக்குக் கடைசி நாளன்று காலையில், விண்டோஸ் அப்டேட்டை முடித்துக்கொண்டு எழுந்த இரண்டு கணினிகள் அதன் பிறகு நகரவே மறுத்தன. பழுது பார்ப்பவர் வந்தார், ஐந்து நிமிடம் பார்த்தார். "பிராசஸர் செக்யூரிட்டி அப்டேட் வந்தா பழைய பிராசஸர் இப்படித்தான் சார் படுத்துடும். போர்டோட மாத்திடலாம்" என்று சொல்லி, 22,000 ரூபாய்க்கு ஒரு துண்டுத்தாளில் கணக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் கால் பங்கு உண்மை இருந்தது. மீதி முக்கால் பங்கைக் கண்டறிய எனக்கு ஆறு வாரங்களும் ஒரு மதர்போர்டின் பயாஸும் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) செலவாயின. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் கீழே எழுதுகிறேன்.

1. எந்த வேலை மெதுவாகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிராசஸர் தன் வேகத்தின் ஒரு பகுதியை ஊகத்தால் சம்பாதிக்கிறது. வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் உதவியாளர் அவருடைய கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். வந்தவர் வேறு வேலையாக வந்திருந்தால் கோப்பு திரும்ப உள்ளே போய்விடும். பிராசஸரும் இதைத்தான் செய்கிறது. ஆனால் எந்தக் கோப்பின் மேலிருந்த தூசி கலைந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன், யாருடைய கோப்பு எடுக்கப்பட்டது என்பதை அலமாரியைத் தொடாமலேயே சொல்லிவிடுவான். பிராசஸரில் அந்தத் தூசியின் இடத்தில் இருப்பது, அண்மையில் எடுத்தவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் கேஷ் நினைவகம். 2018 ஜனவரியில் வெளியே தெரிந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் ஓட்டைகளும், அவற்றைத் தொடர்ந்து ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் அவற்றின் உறவினர்களும், இந்தத் தடயத்தைப் படித்துக் கடவுச்சொல் போன்றவற்றைத் திருடும் வழிகளே ஆகும்.

அப்டேட் செய்வது இரண்டு காரியங்கள். இயங்குதளத்தின் அலமாரியைப் பின்னறைக்கு மாற்றி, ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறந்து மூடச் செய்கிறது. ஆபத்தான சில இடங்களில் ஊகத்தையே நிறுத்திவைக்கிறது. ஆகையால் பின்னறைக்கு அடிக்கடி போக வேண்டிய வேலைகள்தான் மெதுவாகும்: ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை நகலெடுப்பது, வைரஸ் ஸ்கேன், ஒரே கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின், நெட்வொர்க் வழியாகப் பலர் திறக்கும் கணக்குத் தரவு. தட்டச்சு, வீடியோ பார்ப்பது, எக்செலில் ஒரு பெரிய சூத்திரத்தைக் கணக்கிடுவது போன்றவை பெரும்பாலும் முன்னறையிலேயே முடிந்துவிடுவதால் அவற்றில் வேறுபாடு தெரிவதில்லை.

பிராசஸரின் வயதும் கணக்கில் உண்டு. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய இரண்டுக்குமான திருத்தங்கள் வந்தபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு இது: விண்டோஸ் 10 ஓடும் 2016ஆம் ஆண்டு அல்லது அதற்குப் பிந்தைய கணினிகளில் இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே, பெரும்பாலோர் உணர மாட்டார்கள், 2015ஆம் ஆண்டுக் காலத்து நான்காம் தலைமுறை இன்டெல்லிலும் அதற்கு முந்தியவற்றிலும் சிலர் உணர்வார்கள், பழைய பிராசஸரில் விண்டோஸ் 7 அல்லது 8 வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் உணர்வார்கள். மெல்ட்டவுன் ஏஎம்டி பிராசஸர்களைத் தொடவில்லை. இன்டெல்லின் ஒன்பதாம் தலைமுறை மேசைக் கணினிகளிலிருந்து அதற்கான காப்பு சில்லுக்குள்ளேயே வந்துவிட்டது.

2023 ஆகஸ்டில் வெளியான டவுன்ஃபால் என்னும் ஓட்டை ஆறாம் தலைமுறை முதல் பதினொன்றாம் தலைமுறை வரையிலான இன்டெல் பிராசஸர்களைப் பாதித்தது. அதற்கான திருத்தத்தால் சில வேலைகளில் 50 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்று இன்டெல் நிறுவனமே சொன்னது. இந்த எண்ணைத்தான் காணொளிகளில் பெரிதாகப் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். "சில வேலைகள்" என்பது, நினைவகத்தின் பல இடங்களிலிருந்து எண்களை ஒரே கட்டளையில் அள்ளி எடுக்கும் கனமான கணக்கீடுகளைக் குறிக்கிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

2. கணினியின் ஜாதகத்தை எழுதி வையுங்கள்

கடைக்காரரை அழைப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டிய ஆவணம் இது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடினால் வரும் ஒரே பக்கத்தில் பிராசஸரின் பெயர், மதர்போர்டின் தயாரிப்பாளர், மாடல், பயாஸின் பதிப்பு, அதன் தேதி, ரேமின் அளவு, விண்டோஸின் பதிப்பு ஆகிய அனைத்தும் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்தால் மட்டும் போதாது, ஒரு நோட்டிலும் எழுதுங்கள். கணினி எழாத நாளில் நோட்டுதான் உதவும்.

இன்டெல் பிராசஸரில் ஐ3, ஐ5 ஆகியவற்றை அடுத்துவரும் எண்ணின் தொடக்கமே தலைமுறை: 4460 என்றால் நான்காம் தலைமுறை, 10100 என்றால் பத்தாம் தலைமுறை. ஏஎம்டி ரைசனில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். 3600 என்பதும் 3400ஜி என்பதும் பெயரில் ஒரே வரிசையாகத் தோன்றினாலும், முன்னது ஜென் 2 என்னும் வடிவமைப்பு, பின்னது அதற்கு முந்தையது.

இவற்றோடு ஒரே உறையில் வைக்க வேண்டியவை: வாங்கிய பில், வாரண்டி அட்டை, மதர்போர்டின் சீரியல் எண், வன்தட்டு, விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி. கடைசியாகச் சொன்னதுதான் பலரைக் கவிழ்க்கிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கக்கூடும், உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது. பயாஸில் கை வைத்த பிறகு கணினி அந்தச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து சாவியைப் பார்த்து, இன்றே அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

3. அப்டேட் முடிந்த கையோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள்

என் முதல் தவறு இதுதான். மாதாந்திர அப்டேட் முடிந்து கணினி மீண்டும் எழுந்ததும் அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய கோப்புகளைச் சுத்தம் செய்வது, தேடலுக்கான அட்டவணையைப் புதுப்பிப்பது, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தன் ஸ்கேனை ஓட்டுவது எனப் பின்னணியில் மணிக்கணக்கில் வேலை நடக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், "விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்", "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்" ஆகிய பெயர்கள் மேலே நிற்பதைக் காணலாம். அவை அடங்கும் வரை கணினியை அணைக்காமல் ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். "ஷட் டவுன்" கொடுத்து மீண்டும் போடுவது ரீஸ்டார்ட்டுக்குச் சமமாகாது, ஏனென்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி பழைய நிலையின் ஒரு பகுதியை அப்படியே எழுப்பிவிடும். இரண்டு நாள் சாதாரணமாக வேலை பார்த்த பிறகும் மெதுவாகவே இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

4. கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் பெஞ்ச்மார்க் மென்பொருள்களை நான் பரிந்துரைக்கவில்லை. அவை தரும் மதிப்பெண்ணுக்கும் உங்கள் அன்றாட வேலைக்கும் இடையே அதிகத் தொடர்பு இருப்பதில்லை. நீங்கள் தினமும் செய்யும் மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்துக்கொண்டவை: ரீஸ்டார்ட் கொடுத்ததிலிருந்து டாலி கணக்கு மென்பொருள் திறக்கும் வரை ஆகும் நேரம், ஸ்கேன் செய்த ரசீதுகள் நான்காயிரம் அடங்கிய ஒரு ஃபோல்டரை நகலெடுக்கும் நேரம், பிரவுசரில் ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம், மின்னஞ்சல் ஆகிய மூன்றும் திறந்திருக்கும்போது ஒரு பிடிஎஃப் கோப்பு திறக்க எடுக்கும் நேரம். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை நகலெடுக்கும்போது கோப்புகள் ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால் வேகமாகத் தெரியும். எனவே ஒவ்வோர் அளவுக்கு முன்பும் ரீஸ்டார்ட் செய்வது அவசியம். சலிப்பான வேலைதான், ஒரு மதியம் போய்விடும். ஆனால் 22,000 ரூபாய்த் துண்டுத்தாளை எதிர்த்து நிற்க உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆயுதம் இந்த எண்கள்தான்.

5. வேறு காரணங்களைத் தேடுங்கள்

டாஸ்க் மேனேஜரில் "பெர்ஃபார்மன்ஸ்" பக்கத்துக்குச் சென்று, கணினி மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே பாருங்கள். பிராசஸர் 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், உங்கள் சிக்கல் பிராசஸர் அல்ல. என் நான்காம் தலைமுறைக் கணினியில் இதுதான் நடந்துகொண்டிருந்தது: சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மீதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிப் படிக்கத் தொடங்கிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் கணினி மூச்சு வாங்கும்.

இந்த இடத்தில் பழுது பார்ப்பவரின் கால் பங்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பெக்டர் வகைத் தாக்குதலை ஓர் இணையப் பக்கத்தின் வழியாகவும் நடத்த முடியும் என்பதால், 2018இல் குரோம் பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் வைக்கத் தொடங்கியது. அதற்கான விலையாக மொத்த நினைவகப் பயன்பாடு 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுள் அப்போதே அறிவித்தது. 16 ஜிபி இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல; 4 ஜிபி இருப்பவருக்கோ ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பானையில் இன்னொரு செம்பு தண்ணீர். அதாவது, பாதுகாப்பு நடவடிக்கையால் என் கணினி மெதுவானது உண்மை. ஆனால் தட்டுப்பாடு பிராசஸரில் ஏற்படவில்லை, ரேமில்தான் ஏற்பட்டது.

அடுத்தது வெப்பம். அதே பக்கத்தில் பிராசஸரின் வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். கணினி சும்மா இருக்கும்போது 0.8 என்று காட்டுவது மின்சாரச் சிக்கனம்தான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கனமான வேலை நடக்கும்போதும் அடிப்படை வேகத்துக்கு வெகு கீழே நின்றால், சூடு தாங்காமல் பிராசஸர் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று பொருள். கடலூரில் கத்திரி வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில், தூசி அடைத்த விசிறியுடன் இது சர்வ சாதாரணம். என் கணினியின் ஹீட் சிங்க்கைக் கழற்றியபோது, பிராசஸரின்மேல் இருந்த பேஸ்ட் விபூதியைப் போல உதிர்ந்து மேசையில் விழுந்தது. ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட் 150 ரூபாய்.

மூன்றாவது, இரண்டு ஆன்டிவைரஸ். காசு கொடுத்து வாங்கியதும் இலவசமாகத் தொற்றிக்கொண்டதும் சேர்ந்து, திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இருவராகச் சோதிக்கும். ஒன்றை நீக்குங்கள்.

நான்காவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் "டிவைஸ் செக்யூரிட்டி" பக்கத்தில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி, அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள் தீய நிரல் நுழையாமல் தடுக்கும் வசதி. இது பிராசஸர் ஓட்டைகளுக்கான அப்டேட்டிலிருந்து வேறுபட்டது. ஆனாலும் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்டெல் ஏழாம் தலைமுறை, ஏஎம்டி ஜென் 2 ஆகியவற்றிலிருந்து இதற்கான துணை பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு முந்தைய பிராசஸர்களில் மென்பொருளே அந்த வேலையைப் போலச் செய்துகாட்ட வேண்டியிருப்பதால் சுமை அதிகம். பழைய கணினியில் யாராவது இதை இயக்கிவிட்டுப் போயிருந்தால் வேகக் குறைவு கண்ணுக்குத் தெரியும். புதிய கணினியில் அது இயங்கட்டும்.

6. பாதுகாப்பை அணைத்துப் பார்க்கலாமா?

நான் அணைத்துப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு மதிப்புகளை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் காப்புகள் நின்றுவிடும். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு நான்காம் தலைமுறைக் கணினியில் அதைச் செய்து அளந்தேன். நான்காயிரம் ரசீதுகளை நகலெடுக்கக் காப்பு இருந்தபோது 1 நிமிடம் 52 விநாடி ஆனது, காப்பு இல்லாதபோது 1 நிமிடம் 47 விநாடி. டாலி திறக்கும் நேரத்தில் மாற்றமே இல்லை. அதே கணினியில் ஹார்ட் டிஸ்க்கை, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டியாக மாற்றி, ரேமைக் கூட்டி, காப்புகளையும் திரும்பப் போட்ட பிறகு, அதே ரசீதுகள் 31 விநாடியில் நகலாகிவிட்டன.

அந்த ஐந்து விநாடிக்காக, வாடிக்கையாளர்களின் பான், ஆதார், வங்கி விவரங்கள் கிடக்கும் கணினியைத் திறந்து போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறருடைய விவரங்களை வைத்திருப்பவர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும் என்கிறது. வங்கித் தளம் திறக்கும் வீட்டுக் கணினிக்கும் என் பதில் இதுவே.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒரே கிளிக்கில் கணினியை வேகமாக்குவதாகச் சொல்லிக் காணொளிகளின் கீழே கிடைக்கும் கோப்புகள், பிராசஸர் காப்போடு டிஃபெண்டரையும் விண்டோஸ் அப்டேட்டையும் சேர்த்தே அணைத்துவிடுகின்றன. பிறகு எதை எங்கே மாற்றினார்கள் என்று தேடி எடுப்பது பெரும்பாடு. இன்னொன்று, அப்டேட்டை நீக்குவது. மாதாந்திர அப்டேட் முந்தைய மாதங்களின் திருத்தங்களையும் ஒன்றாகக் கட்டிய மூட்டை. அதிலிருந்து பிராசஸர் பகுதியை மட்டும் உருவி எடுக்க முடியாது. மூட்டையைத் தூக்கி எறிந்தால் மற்ற ஓட்டைகளும் திறந்துகொள்ளும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வோர் ஓட்டைக்கும் எதிரே அந்தப் பிராசஸர் பாதிக்கப்படாததா, காக்கப்பட்டதா, திறந்து கிடக்கிறதா என்பதை அதுவே பட்டியலிடும். மைக்ரோகோடு (அடுத்த படியில் விளக்குகிறேன்) தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்பதை உபுண்டு, மின்ட் ஆகியவற்றின் டிரைவர் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

7. பயாஸ் அப்டேட் தேவையா, தேவையென்றால் எப்படி?

பிராசஸரின் உள்ளே ஓடும் சிறு கட்டளைத் தொகுப்புக்கு மைக்ரோகோடு என்று பெயர். அது பிராசஸரில் நிரந்தரமாகப் பதிவதில்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் பயாஸோ விண்டோஸோ அதை ஏற்ற வேண்டும். இன்டெல் பிராசஸர்களுக்கான மைக்ரோகோட்டைப் பல சமயங்களில் விண்டோஸே கொண்டுவந்துவிடுகிறது. ஏஎம்டிக்குப் பெரும்பாலும் பயாஸ் வழியாகத்தான் வரும். நான்காம் தலைமுறை போன்ற பழைய இன்டெல் மதர்போர்டுகளுக்குப் புதிய பயாஸ் வருவது எப்போதோ நின்றுவிட்டது, ஆகவே அவற்றில் இந்தப் படியைத் தாண்டிச் செல்லுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்தைத் திறந்து, நோட்டில் எழுதிய தேதியைவிடப் புதிய பயாஸ் இருக்கிறதா, அதன் குறிப்பில் பாதுகாப்பு அல்லது மைக்ரோகோடு பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மட்டுமே செய்யுங்கள். பயாஸ் கோப்பு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாயினும் உடனே மூடிவிடுங்கள்.

நான் சறுக்கிய இடம் இது. என் பத்தாம் தலைமுறைக் கணினிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பயாஸ் அப்டேட்டைத் தொடங்கினேன். யூபிஎஸ் இருந்தது, ஆகையால் தைரியமாக இருந்தேன். திரையில் கோடு 62 சதவீதம் வரை நகர்ந்தபோது மின்சாரம் போனது. மின்விசிறி சுற்று குறைந்து நிற்பதற்குள் யூபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு அதுவும் அணைந்தது. பேட்டரிக்கு மூன்று வயது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு கணினியில் விசிறி மட்டும் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளூரில் புதிய போர்டு வாங்கச் சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு கடையில், பயாஸ் சில்லைக் கழற்றி புரோகிராமர் கருவியில் வைத்து மீண்டும் எழுதித் தந்தார்கள்: 850 ரூபாய், நான்கு நாட்கள், மடியில் மதர்போர்டுடன் இரண்டு முறை பேருந்துப் பயணம். போர்டு செத்துவிட்டதாகச் சொல்லும் கடைக்காரரிடம், சில்லை மட்டும் எழுதிப் பார்க்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி, முறையான வரிசை. முந்தைய நாள், மின்வாரியத்தின் பராமரிப்பு மின்நிறுத்த அறிவிப்பில் உங்கள் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். யூபிஎஸ்ஸின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கி, கணினி பத்து நிமிடம் தாங்குகிறதா என்று சோதியுங்கள். இதைச் சாதாரண வேலை நடக்கும்போது செய்ய வேண்டும், பயாஸ் எழுதும்போது அல்ல. முக்கியக் கோப்புகளை வேறு வன்தட்டில் நகலெடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். பயாஸில் இப்போது இருக்கும் அமைப்புகளை, குறிப்பாக பூட் வரிசை, சாட்டா (வன்தட்டு இணைப்பு) முறை, டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்டேட்டுக்குப் பிறகு அவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடக்கூடும்.

மதர்போர்டின் மாடலோடு அதன் ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். அந்த எண் போர்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். கோப்பை விரித்து, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் கருவியின் மூலமாகவே எழுதுங்கள். ஆசூஸில் அதன் பெயர் ஈஸி ஃப்ளாஷ், ஜிகாபைட்டில் கியூ-ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ். விண்டோஸுக்குள்ளிருந்து எழுதும் மென்பொருள் வசதியானதுதான், ஆனால் நடுவில் விண்டோஸ் உறைந்துபோனால் உங்கள் போர்டும் பேருந்து ஏற வேண்டியிருக்கும். எழுதி முடித்த பிறகு முதல் முறை எழும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். கை பரபரக்கும். பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

8. செலவு, பில், வாரண்டி

இரண்டு கணினிகளுக்கும் சேர்த்து நான் கடைசியில் செய்த செலவு: 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 2,750 ரூபாய், பழைய டிடிஆர்3 வகை 8 ஜிபி ரேம் 900, தெர்மல் பேஸ்ட் 150, யூபிஎஸ் பேட்டரி 1,050, பயாஸ் சில்லுக்கு 850. ஆக மொத்தம் 5,700. இதில் கடைசி 850 என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். ரேம், எஸ்எஸ்டி விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, ஆகவே என் தொகையைக் காட்டிப் பேரம் பேசாமல் அன்றைய விலையை இரண்டு கடைகளில் விசாரியுங்கள். ரேம் வாங்கும்போது டிடிஆர்3, டிடிஆர்4 என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவராதீர்கள். அதில் உங்கள் தரவு அப்படியே இருக்கிறது.

தொழிலுக்காக வாங்கும் கடலூர்க்காரர்களுக்கு என் தொழில் முறையில் ஓர் எச்சரிக்கை. நம்மில் பலர் கணினிச் சாமான்களுக்குப் புதுச்சேரிக்குத்தான் போகிறோம். உங்கள் ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கும், அந்தக் கடையுடையது 34இல் தொடங்கும். பில்லில் உங்கள் எண்ணைப் போடாமல், புதுச்சேரிக்குள்ளேயே விற்றதாக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுவிட்டால், அந்த 18 சதவீத வரியை உங்கள் தமிழ்நாட்டுப் பதிவில் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. கல்லாவிலேயே பார்த்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் பயனில்லை. பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

9. நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி அது செவ்வாய் இரவு, ஆகவே நம் கணினிகளில் புதன் காலையில் வந்து இறங்கும். இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையேதான் வரும், ஜிஎஸ்டிஆர்-1 கெடுவோ 11ஆம் தேதி. இந்த இரண்டும் மோதிக்கொண்டதுதான் என் கதையின் தொடக்கம். இப்போதெல்லாம் 8ஆம் தேதியே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்து, அது விலகியதும் வரும் சனிக்கிழமை மாலையில் ஒவ்வொரு கணினியாக ஏற்றுகிறேன். ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்க விண்டோஸ் அனுமதிக்கிறது; ஒரு வாரத்துக்கு மேல் நான் போவதில்லை.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர் கணினிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் கட்டணமில்லாமலும், இல்லையேல் 30 டாலர் செலுத்தியும் பெறலாம். அலுவலகங்களுக்கு முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அது இரட்டிப்பாகும். விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பதால் என் நான்காம் தலைமுறைக் கணினிக்கு அந்த வழி இல்லை. எஸ்எஸ்டி போட்ட பிறகு அது நன்றாகவே ஓடுகிறது, ஆனால் அதில் வாடிக்கையாளர் தரவும் வங்கி வேலையும் இனி இல்லை. ஸ்கேனரோடு மட்டும் இணைத்துத் தனியே வைத்திருக்கிறேன்.

பயாஸ் வேலைக்கு மாசி முதல் சித்திரை வரையிலான காலை நேரங்களை ஒதுக்கிக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகையில், வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்ற செய்தி வந்துவிட்டால், பென்டிரைவை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுகிறேன்.